விளக்கில்லாத சைக்கிள்

12.3.1982, வெள்ளி. வேலணை.

இன்று மைம்மல் இருட்டில் ஊர்காவற்றுறை றோட்டில் என் சைக்கிளை மறித்த பொலிஸ் அதிகாரி, "ஏன் நிப்பாட்டினது, தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஸ்பெயினில் அந்தக் காலத்து மத விசாரணைக்காரர்கள், பிடித்தவனிடம் முதலில் அதைத்தான் கேட்டார்கள். குற்றத்தைச் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தைத் தாங்காமல் அவனே யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிவிடுவான். இருபது வருடமாக அந்தப் பதிவுகளைத்தான் படிக்கிறேன். அயலவனைக் காட்டிக்கொடுத்த பாண் சுடுகிற போறணைக்காரன் ஒருவனைக் கோழை என்று என் புத்தகத்தில் எழுதியும் இருக்கிறேன்.

"நான் ஒண்டுக்கும் போறேல்லை. பக்கத்து வீட்டு மரியதாசன்தான் இயக்கக் கூட்டங்களுக்குப் போறவன்" என்றேன்.

அவர் சிரித்தார். "சைக்கிளுக்கு லைட் இல்லை. அதுக்குத்தான்." பிறகு கொப்பியை எடுத்து, அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மனைவியிடம் லைட் கதையை மட்டும் சொன்னேன். அவள் அதை வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்ட பிறகு மரியதாசன் தன் சைக்கிள் லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் சைக்கிளில் பூட்டினான்.

"உமக்கு வேண்டாமோ?"

"எனக்கு வழி பழக்கம், சேர். நீங்கள்தான் இருட்டுக்கை ஓட ஏலாது."

விடியப்புறம் மீன் எடுக்க ஊர்காவற்றுறைக்குப் போகிறவன் அவன். அதே றோட்டு. இப்போதே எழும்பிப் போய் லைட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால், ஏன் என்று கேட்பான்.