பாதியாகத் தெரிந்த பட்டை

என் ஜெசிந்தா கண்ணு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டே கை பழகிவிட்டது. நெருப்பெரிச்சலில் நம் பனியன் கம்பெனியில் இப்போதும் நான்தான் உன் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். உன் மெஷினில் உன் தங்கை ரோஸ்லின் உட்காருகிறாள்.

அந்த வரைபடம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளில் யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று ஆளுக்கொரு பட்டை வரைந்து சுவரில் ஒட்டினேன். உன் பட்டை மட்டும் மற்றவர்களுடையதில் பாதி உயரம்.

"ஏன்க்கா, நான் அவ்வளவு கம்மியாவா தைச்சேன்?" என்றாய்.

"படம் பொய் சொல்லுமா கண்ணு? கையை வேகமா ஓட்டு" என்றேன், எல்லோர் முன்னாலும்.

அதன்பின் டீ நேரத்தில்கூட நீ மெஷினை விட்டு எழவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போனாய். அங்கேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் எங்களுக்கு வரைபடம் படிக்கப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். "பட்டையைக் கடைசியாப் பாருங்க. முதல்ல தலைப்பு. அப்புறம் கீழ்க்கோடு யாரைச் சொல்லுது, பக்கக்கோட்டுல எண் எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க" என்றார் வகுப்பெடுத்த அம்மா. எனக்கு உன் பட்டைதான் ஞாபகம் வந்தது.

பழைய தாளைத் தேடி எடுத்தேன். பக்கக்கோட்டின் அடியில் இருந்தது பூஜ்ஜியம் இல்லை, நானூறு. தாளில் இடம் பத்தாதென்று நான்தான் அங்கிருந்து ஆரம்பித்திருந்தேன். மற்றவர்கள் நானூற்றெண்பது, நீ நானூற்று நாற்பது. அதுவும் நீ தைத்தது அதிக நேரம் பிடிக்கும் காலர் வைத்தது, அவர்கள் தைத்தது சாதா. தலைப்பே எழுதாத தாளில் அது எப்படித் தெரியும்?

பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி வரைந்தேன். உன் பட்டை மற்றவர்களுக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

ரோஸ்லின் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ லீவுக்கு ஊருக்கு வந்தப்போ, 'எனக்குத் தைக்கவே வரலடி'ன்னு அழுதாக்கா" என்றாள்.

அந்தத் தாளை உன் மெஷினுக்கு எதிரே ஒட்டினேன், ஜெசிந்தா.

இனி நான் ஒட்டும் தாளைப் பார்த்து ஒருத்தி "ஏன்க்கா" என்று கேட்டால், அவளைக் குறை சொல்லும் முன் அவள் பக்கத்தில் நின்று அதைக் கோடு கோடாகப் படிப்பேன். இது சத்தியம்.

நீ வாய் நிறையக் கூப்பிட்ட அக்கா,
தனலட்சுமி