பாய் கொடுத்த மூச்சு மிஷின்

10 நவ., திங்கள்
வெள்ளனே இருந்து மூடுபனி. மூணு நாளாகத் துணி காயவில்லை. வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் 91, மிஷினோடு. குழாயைக் கழற்றிவிட்டுப் பல் தேய்த்து வருவதற்குள் 83. இருபது வருஷம் இந்த மலையில் ஜீப் ஏற்றி இறக்கிய மனுஷன்.

பேரூராட்சி ஆபீஸ். கட்டட அனுமதி ஃபைல் ஏழு. ஆறாவதைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. சரிவில் மூணு மாடி லாட்ஜ். மனுதாரர் கம்பளிக்கடை ரஹீம் பாய்.

எங்கள் வீட்டு மிஷின் அவர் கொடுத்தது. ஆகஸ்டில். அவருடைய அத்தா மூச்சுத் திணறி மவுத்தான பிறகு சும்மா கிடந்ததாம். "வச்சுக்கங்க தங்கச்சி, அத்தாவுக்கு நன்மை சேரும்" என்று அவரே தூக்கி வந்தார். அன்றைக்கு அவருக்கு என்னிடம் ஒரு சோலியும் இல்லை. சத்தியமாக இல்லை.

11 நவ., செவ்வாய்
மழை. சுற்றறிக்கை வந்தது. ஆபீசில் வேலை ஆக வேண்டியவர்கள் கொடுத்த எந்தப் பொருளும் நம்மிடம் இருக்கக் கூடாது. இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்ப வேண்டும். வெள்ளிக்குள் எல்லாரும் கையெழுத்து.

ஹெட் கிளார்க் அக்கா மலைவாழைப்பழத்தை உரித்துக்கொண்டே படித்தார். பழம் எவனோ காண்ட்ராக்டர் கொடுத்தது. "தின்னு தீர்றது கணக்குல வராதுடி. வீட்டுல நிக்கிற பொருள்தான் வரும்." இந்த ஆபீசின் சட்டம் இதுதான். பழம் வராது. சாக்லேட் வராது. தைலம்? "அதுவும் தடவித் தீர்றதுதானே."

பஸ்ஸில் வரும்போது யோசனை. மூச்சும் தீர்ந்து போவதுதானே? வெட்கமாக இருந்தது. மிஷின் தீராது. கட்டில் பக்கத்தில் நிற்கிறது.

வாங்க: ரவை, இவருக்குக் காலுறை, மாத்திரை (இரண்டு அட்டை).

12 நவ., புதன்
பாய் ஆபீசுக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் "மேடம்" என்றார்.

"மேடம், நம்ம ஃபைலு கொஞ்சம் வெரசா பாருங்க. வீட்டுல அவுக எப்படி இருக்காக?"

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். அதுதான் பயம். லாட்ஜ் இடத்தில் ஓடை இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. பாஸ் பண்ணினால் மிஷினுக்குப் பண்ணினதாகும். மறுத்து எழுதினால் நன்றி கெட்டவள். எந்தப் பக்கமும் போக வழியில்லை. கடவுளே.

13 நவ., வியாழன்
லீவு போட்டு டாக்டரிடம். "இந்த உயரந்தாம்மா அவரைப் படுத்துது. கீழ கூட்டிட்டுப் போனா மிஷின் இல்லாமக்கூட சமாளிக்கலாம்." கீழே வத்தலக்குண்டில் என் தங்கச்சி வீடு இருக்கிறது. என் வேலை இங்கே. டிரான்ஸ்ஃபர் எப்போது கிடைக்குமோ.

இவர்: "நான் எறங்க மாட்டேன். செத்தாலும் இங்கதான்."

"அப்ப என் வேலை போகட்டுமா?" கத்திவிட்டேன். இவர் குழாயைக் கழற்றித் தலையணையில் வைத்தார். "கொண்டு போய்க் குடு." ஓடிப்போய் மாட்டிவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம். சோறு அப்படியே கிடக்கிறது.

14 நவ., வெள்ளி
எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். செயல் அலுவலர் இரண்டு தடவை படித்தார். "இன்னைக்கே திருப்பிக் குடுத்து எழுதி வாங்கிட்டு வாங்க. ஃபைலை நான் பாத்துக்கிறேன்."

ஹெட் கிளார்க் அக்கா முகம் கொடுக்கவில்லை. "ஒன்னால இப்ப தின்னு தீர்ந்ததையும் எல்லாரும் எழுதணுமாம்டி."

மதியம் நான் சொல்லிவிட்டிருந்த ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்து, வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோக இவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முன் சீட்டில், டிரைவர் பக்கம் பார்க்காமல். என்னையும் பார்க்கவில்லை. ஜீப் திரும்பி இறங்கியது.

மிஷினைத் துடைத்து பாய் கடைக்குக் கொண்டு போனேன்.

"ஃபைலுக்காகக் குடுக்கலியே தங்கச்சி."

"தெரியும்ணே. வாங்கிக்கிட்டதா எழுதிக் குடுங்க."

பில் புக்கை இழுத்துப் போட்டார். எழுதினார். மடித்து நீட்டினார். "இந்தாங்க மேடம்."

ஆறு மணிக்குத் தங்கச்சி போன். 92. வெறும் காற்றில்! அவரிடம் கொடு என்றேன். பேச மாட்டாராம். போனை அவர் காதில் வைத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.