எனக்கு மட்டும் வந்த விசா

ஜூன் 14, சனி

பாஸ்போர்ட் இரண்டும் இன்று வந்தன. எனக்கு விசா கிடைத்துவிட்டது, வீட்டுக்காரருக்கு இல்லை. நான் அரசு நர்ஸ், அவர் மிளகு விவசாயி. ஊர் திரும்புவார் என்று தூதரகத்தால் நம்ப முடியவில்லையாம். நாமக்கல் போனால்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கொல்லிமலை ஏறிவிடுகிற மனுஷனை.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று போன வருஷத்திலிருந்து சேர்ந்து போட்ட திட்டம்.

"நீ போயிட்டு வா கண்ணு. போட்டோ அனுப்பு, பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க இல்லாம எப்படிங்க?"

சாப்பிட்டதும் போனை எடுத்து, எந்த ஊரில் ரயில் மாற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தர ஆரம்பித்தார். போகிறேன் என்றும் சொல்ல வரவில்லை, மாட்டேன் என்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.