எட்டுமா வயலின் மண்

கீழத்தெரு, பேராவூரணி வழி
9-12-1981

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நலம். பூனாவில் குளிர் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய், இருமல் விட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று நீ எழுதினால்தான் எங்கள் நலம் முழு நலம். உன் மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. தபால்காரர் மேல் குற்றமில்லை, பதில் போடாமல் இருந்தவன் நான்தான்.

கடைமடைக்கு இந்த வருஷமும் தண்ணீர் பிந்தித்தான் வந்தது. ராமாயி அத்தைக்கு ஒரு கண் முழுக்க மறைத்துவிட்டது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், ஆனாலும் நடவுக்குப் போனாள், சொன்னால் கேட்பவளா.

உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்தேன். விவசாயச் சங்க ஆபீசில் பழைய பேப்பரை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், புரியாமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பூவைக் கதம்பமாகக் கலந்து கட்டாமல் ஒரே நாரில் பாதி தூரம் மல்லிகை, மீதி தூரம் கனகாம்பரம் என்று கட்டுவது போல நீ செய்கிற சங்கிலி, ஒரு பாதி தண்ணீரோடு சேரும், மறு பாதி களிமண்ணைப் பிடிக்கும், அதனால் கலங்கிய தண்ணீர் தெளிந்து மண் பொலபொலப்பாகும், இவ்வளவுதானே. தண்ணீரில் கரைய வேண்டிய அந்தப் பொருளைச் செய்யும்போது மட்டும் குடுவைக்குள் ஒரு துளி ஈரம் போனாலும் சங்கிலி வளராமல் செத்துவிடும் என்று எழுதியிருந்தாய். ஆறு மாதம் அப்படிப் பொத்திப் பொத்திச் செய்த மாவில் அரைக் கிலோ எங்களுக்கு அனுப்பினாய். அது என்ன ஆயிற்று என்றுதான் மூன்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய்.

நீ சொன்னபடியே கரைத்து, நம் பட்டா நிலத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு மண்ணில் தெளித்துக் கொத்திவிட்டு நட்டோம். உன் சோதனைக் குழாயில் ஒரு மணி நேரத்தில் தெளிந்த தண்ணீர் இங்கே எட்டு நாள் கழுநீர் மாதிரியே நின்றது. ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை, நாற்று மஞ்சளாகி அழுகியது. பெரிய வீட்டுப் பண்ணைக் காரியக்காரர் இளையபெருமாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன சாமிதுரை, பொண்ணு அனுப்புன மருந்துல உப்பு நல்லா வெளையுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தவறு உன் மாவில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் நம்ம வயல் மண் இரண்டு கிலோ அனுப்பச் சொன்னாய் அல்லவா, நான் அனுப்பியது நம் பட்டா நிலத்து மண் இல்லை. பெரிய வீட்டாரின் எட்டுமா வயலில், வாய்க்காலை ஒட்டிய இரண்டாவது வயலில் வெட்டியது. ஒளிந்து போய் எடுக்கவில்லை, பட்டப்பகலில் எடுத்தேன். ஒன்பது வயதிலிருந்து நாற்பது வயது வரை நான் உழுத வயல் அது. நம்ம வயல் என்று கீழத்தெருவில் எல்லாரும் சொல்வது அதைத்தான், உன் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது செத்தவன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் அதை எழுதி வைத்துக்கொண்டு உப்புப் பூத்த இந்தக் களரை உபரி என்று காட்டினார்கள், மந்திரி வந்து மாலை போட்டுப் பட்டா கொடுத்தார், ஆட்சியும் மாறிவிட்டது, களர் களராகவே கிடக்கிறது. விளையவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அப்படியானால் நிலத்தை எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடு என்பார்கள், அதற்காகவே ஒன்பது வருஷமாகப் பதரைத் தூற்றிவிட்டு நல்ல விளைச்சல் என்று சொல்லி வருகிறேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். உன் வாத்தியார் முன்னால் அந்த உப்பு மண்ணைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன், "நீங்க நம்ம மண்ணுன்னு சொல்லிட்டா ஆச்சா, அங்க புள்ளைல்ல பதில் சொல்லணும்" என்றாள்.

தை மாதம் உன் கட்டுரை அச்சுக்குப் போகிறது, தஞ்சைக் கடைமடைக் களிமண், என் தந்தையின் நிலம் என்று அதில் எழுதியிருக்கிறேன் என்றாய். உன் பட்டமே அதில்தான் நிற்கிறது. அதை நிறுத்து. வாத்தியார் கோபப்பட்டால் பொய் சொன்னவன் என் அப்பா என்று சொல்லி இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. எட்டுமாவில் மண் எடுத்ததற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்ததற்கு உன்னிடம் கேட்கிறேன்.

இத்துடன் பார்சலில் ஆறு பொட்டலம் வருகிறது. நம் பட்டா நிலத்தில் மூன்று இடத்தில், மேல்மண் ஒன்று, முழங்கை ஆழத்தில் ஒன்று என்று எடுத்து மேலே எழுதியிருக்கிறேன். வெள்ளை பூத்த இடத்தையும் விடவில்லை. இந்த மண் உன் குழாயில் என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. அதைத் தாசில்தார் மேஜையில் வைத்து, களரைக் கொடுத்து ஏமாற்றினீர்கள், எட்டுமாவைக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். கொடுக்க மாட்டார்கள், இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளலாம், அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்பேன்.

நீ நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நெடுநாள் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. அந்தத் தாளில் எனக்காக எதையும் நல்லதாக மாற்றி எழுதாதே, அந்த வேலையை இந்த வீட்டில் ஒருவன் செய்தது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெ. சாமிதுரை