உன் வண்டி கிளம்பவில்லை

ஓவன் ரோடு, சிங்கப்பூர்
மார்ச் 1965

அன்பு மகன் அப்துல் அலீமுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், பர்மிங்ஹாமில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். உம்மா நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. பக்கவாதத்தில் அவள் படுத்தது உனக்குத் தெரியும், ஆனால் ஒன்றை இதுவரை மறைத்துவிட்டேன். பொழுது சாய்ந்தால் அவளுக்கு நினைவு தடுமாறும், "அலீம் வேலை விட்டு வந்துட்டானா, வண்டிச் சத்தம் கேக்கலியே" என்று கேட்டுக்கொண்டு கஞ்சியைத் தொடமாட்டாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், வாசலையொட்டிய அஞ்சடி நடைபாதையில் நிற்கும் உன் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, பிள்ளை வந்துட்டான், குளிக்கிறான் என்று சொன்னேன். அன்றைக்குக் கிண்ணம் காலி. அப்புறம் தினமும் சாயங்காலம் எனக்கு அதே வேலைதான், முழங்கால் வீங்கினாலும் அவள் வயிறு நிறைகிறதே என்றிருந்தேன்.

போன மாதம் ஹார்ன் முனக ஆரம்பித்தது, விளக்கும் மங்கியது. பேட்டரியைக் கழற்றி சார்ஜுக்குக் கொடுத்து வாங்கி நானே மாட்டினேன். பாழாய்ப்போன புத்தி, எந்த வயர் எங்கே என்று மறந்துபோய், எதிர்வீட்டுக்காரரின் ஜப்பான் வண்டியைப் பார்த்து அதே மாதிரி பேட்டரியின் மைனஸைப் பாடியில் முடுக்கிவிட்டேன். அதோடு சரி, உதைக்கிறேன் உதைக்கிறேன், ஒரு செருமல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் வைத்து உதைத்தால் பொறி வரவில்லை, பாயிண்டைத் தேய்த்தேன், வயரை அசைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே உம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அலீமுக்கு ஓவர்டைம் என்றேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி உடம்பாகிவிட்டாள் மகனே. கடைசியில் கேலாங் போய் மெக்கானிக் பசுபதியைக் கூட்டிவந்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன பாய், இந்த இங்கிலீஷ் வண்டிக்குப் பிளஸ்தான் பாடிக்குப் போகணும் லா, தலைகீழா மாட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ரெக்டிஃபையரை எரிச்சிட்டீங்க, அதுல பேட்டரியும் இறங்கிப்போச்சு" என்று திட்டிவிட்டு, வேறு போட்டுச் சரியாக்கினான்.

நேற்று சாயங்காலம் ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடினேன், ஹலீமா, பிள்ளை வந்துட்டான் என்றேன். அவள் நல்லபடியாய் இருக்கும் கையால் என் கையைப் பிடித்து, "போதும்ங்க. முதல்ல நம்பினேன், அப்புறம் நீங்கதான் உதைக்கிறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, உங்க இரைப்பு இங்கே வரைக்கும் கேக்கும். இவ்வளவு பாடுபடுறீங்களேன்னுதான் சாப்பிட்டேன். வண்டி நின்னதும், சரி, அவன் வரமாட்டான்னு உங்களுக்கும் புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்" என்றாள். அவள் முன்னாலேயே அழுதேன். நேற்றும் சாப்பிடவில்லை, இன்றும் இல்லை. வண்டி நன்றாகக் கிளம்புகிறது, எனக்குத்தான் அதைத் தொட மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் வருகிறேன் என்று இனி எழுதாதே, அதை அவளுக்கு வாசித்துக்காட்ட என்னால் ஆகாது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக. குளிரில் காதை மூடிக்கொள், தொழுகையை விடாதே. புறப்படும் நாளை எனக்கு மட்டும் தந்தியில் சொல், உம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். பிள்ளை வந்துட்டான் என்று என் வாயால் சொன்னால் அவள் இனி நம்பமாட்டாள், நீயே வந்து அவள் முன்னால் நில்.

உன் வரவு பார்த்திருக்கும் வாப்பா,
சாகுல் ஹமீது