அப்பா குரல் வந்துவிட்டது!

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

எனக்குத் தலைகால் புரியவில்லை! கால்பந்து இறுதிப் போட்டிக்கு ரேடியோ வர்ணனை நான்தான். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி! நிலைய மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ண மூடிக்கிட்டு கேட்டா உங்கப்பாவே பேசுற மாதிரி இருக்குய்யா!"

ஆமாம், அந்தக் கரகரப்பு எனக்கும் வந்துவிட்டது! இரண்டு மாதமாகக் குரல் கனத்துக்கொண்டே போகிறது. நீ ரேடியோவில் கேட்டு அசர வேண்டுமென்றுதான் போனில் பேசாமல் மெசேஜாக அனுப்பி ஏமாற்றினேன். இத்தனை வருட சிகரெட்டும், ராத்திரி இரண்டு ரவுண்டும் வீண்போகவில்லை பார். இருபத்தெட்டாம் தேதி போட்டியன்று அத்தானை வாயை மூடிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்காரச் சொல்.

உன் வாயாடி

ஜூன் 6

அன்பு வாயாடிக்கு,

கடிதம் கண்டேன். நாற்காலி கிடைத்ததைப் படித்ததும் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அத்தானிடம் ஓடினேன். அடுத்த பத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டேய், நீ அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை. உனக்கு விவரம் தெரிவதற்குள் அது கெட்டுவிட்டது. அதற்கு முன் கணீரென்று இருக்கும். தெருமுனையிலிருந்தே "ஏய் பொடிசு!" என்று என்னைக் கூப்பிடுவார், நாலு வீடு திரும்பிப் பார்க்கும். பிறகு வந்த கரகரப்பை எல்லோரும் கொண்டாடினார்கள், அவரும் பூரித்துப்போனார். டாக்டரிடம் போனபோது தொண்டைப் புற்றுநோய் முற்றியிருந்தது. பெரியப்பாவுக்கும் தொண்டையில்தான்.

அப்பா எதில் போனார் என்று உனக்குத் தெரியும். எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது, அவ்வளவுதான். நாளைக்கே போய்க் காட்டு. போட்டி போனால் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நல்ல நேரத்தில் வந்து கண் வைக்கிறாளே என்று கோபம். ஆனாலும் போனேன்.

டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். வீட்டில் யாருக்கு இருந்தது, எத்தனை சிகரெட், எவ்வளவு குடி என்று வரிசையாகக் கேட்டார். "குடும்பத்துல இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், அத நாம மாத்த முடியாது. புகையும் குடியும் சேர்ந்தா பல மடங்கு. அத ரெண்டையும் நீங்கதான சேர்த்தீங்க?" என்றார்.

சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதேதான். ஆனால் ஆரம்ப நிலை அக்கா, ஆரம்ப நிலை! கதிர்வீச்சிலேயே குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். நாற்காலி வேறொருவனுக்குப் போய்விட்டது. நன்றாக அழுதேன். சிகரெட், பாட்டில் எல்லாம் குப்பைக்குப் போயாயிற்று. அத்தானின் பாக்கெட்டையும் தூக்கிப் போடு. அவர் விடும் புகை உனக்கும் ஆகாது, நீயும் அப்பா ரத்தம்தான்.

உன் வாயாடி

டிசம்பர் 11

அன்பு வாயாடிக்கு,

நேற்று போனில் நீ பேசப் பேச நான் வாயே திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம். அத்தான் சொன்னார். கட்டி போய்விட்டது என்ற சந்தோஷத்திலேயே பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி, கரகரப்பு போன உன் குரலைக் கேட்டதும் திரும்பியது; அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

"இப்ப உங்கப்பா மாதிரியே இல்லையேய்யா" என்று மேலாளர் வருத்தப்பட்டார் என்றாயே, அவருக்கு என்ன தெரியும்? அவரும் அப்பாவின் நிஜக் குரலைக் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். நேற்றும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அக்கா என்று கூப்பிடாதே. ஒரே ஒரு தடவை, "ஏய் பொடிசு!" என்று கூப்பிடு.

அக்கா