சந்தனம் மணக்கிற பிரேக்

அடியே,

இப்போதெல்லாம் நான் பிரேக் பிடித்தால் சந்தனம் மணக்கிறது. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். இன்று காலையில் துறையூர் ரோட்டில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வர, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். கீ...ச்சென்று ஒரு சத்தம். நான் நிற்பதற்கு முன்னால் ஆடுகள் நின்றுவிட்டன. அடுத்த நொடி, கோயில் வாசலில் நிற்பதுபோல் வாசனை. ஆட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு, "என்னங்க, வண்டி பூசை ரூம்லேருந்து நேரா வருதா?" என்று கேட்டார். நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று கடை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆண்டவன் வாயை உனக்குத்தான் கொடுத்திருந்தான், எனக்குக் கத்தரிக்கோல் மட்டும்தான்.

ஆமாம், நான் சைக்கிள் வாங்கிவிட்டேன். கரண்ட் சைக்கிள். அதுவும் மலையேறுகிற சைக்கிள், டயரெல்லாம் முள் முள்ளாக. ஐம்பத்தொரு வயதில், முட்டிவலித் தைலம் மணக்கும் இந்த லேடீஸ் டெய்லருக்கு இது தேவையா என்று நம் கடைத்தெருவே கேட்டுவிட்டது. இருந்திருந்தால் நீ மட்டும்தான் கேட்டிருக்க மாட்டாய்.

உன் ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போய், மிஷின் ஓடாமல் நீ என் கடைக்கு வந்து உட்கார்ந்த ஒரு மத்தியானம் நினைவிருக்கிறதா? போனில் எவனோ ஒருத்தன் இப்படி ஒரு சைக்கிளில் மேடு ஏறுவதைக் காட்டினாய். "நமக்கு இதுதாண்டி லாயக்கு. நாம மிதிச்சா அதுவும் கூடச் சேந்து தள்ளும்" என்றாய். எனக்கு அப்போது வீம்பு. "மோட்டார் வச்சா அதுக்குப் பேரு சைக்கிளா? ஏமாத்து வேல" என்றேன். நீ என் தையல் மிஷினை எட்டிப் பார்த்தாய். "அப்ப இதுல மோட்டார் மாட்டியிருக்கியே, நீ தைக்கிறதெல்லாம் ஏமாத்து ஜாக்கெட்டா?" அளவு கொடுக்க வந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் என் டேப்பே நழுவியது. அன்று பிடித்த வீம்புக்குத்தான் இப்போது திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய்ச் சைக்கிள் கடையில் பணத்தைக் கொட்டிவிட்டு வந்தேன். அங்கே ஒருவர், "பையனுக்குங்களா மேடம்?" என்றார். "எனக்குத்தான், சீட்டைக் கொஞ்சம் எறக்கி வைங்க" என்றேன். மனுசன் ஸ்பேனரை எடுக்க ஓடினார்.

பெரிய அட்டைப்பெட்டியில், ஹேண்டில்பார் தனியாக, பெரம்பலூர் பார்சல் ஆபீஸில் வந்து இறங்கியது. நம் மெக்கானிக் தம்பிதான் மாட்டிக் கொடுத்தான். முதல்முதலாக ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கி ஒரு மிதி மிதித்தேன். முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். ஏரிக்கரை ஏற்றத்தில் நான் திணறும்போதெல்லாம் உன் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகைத் தள்ளிக்கொண்டு வருவாயே, அதே இடம், அதே அழுத்தம். கடைவாசலில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று தம்பியிடம் சொன்னேன்.

பிறகு ஆரம்பித்தது என் வேலை. கடைக்காரன் கொடுத்தபடியே ஓட்டுவதற்கு நான் என்ன ரெடிமேட் ஆளா? பேட்டரிக்கு மழை படக்கூடாதென்று குடைத்துணியில் உறை தைத்தேன், ஓரத்துக்குச் சிவப்புப் பைப்பிங் வைத்து. நடுக்கம்பியில் தொங்குகிற மாதிரி முக்கோணப் பை ஒன்று, ஜிப் போட்டு. சீட்டு கட்டையாக இருந்தது, அதற்கு மெத்தை வைத்து உறை. உள்ளே என்ன வைத்தேன் தெரியுமா? ஜாக்கெட்டுக்கு வைக்கிற பேடு, எட்டு ஜோடி. மெக்கானிக் தம்பி அமுக்கிப் பார்த்து, "சூப்பருக்கா, இது என்ன பஞ்சு, எங்க கெடைக்கும்?" என்கிறான். நான் என்ன சொல்ல! நீ இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருப்பாய்.

கேரியர் விஷயத்தில் மட்டும் அவன் ஒப்பவே இல்லை. "மவுண்டன் பைக்குல கேரியரா? யாராச்சும் பாத்தா என் கடை மானம் போயிரும்க்கா." போனால் போகட்டும் என்றேன். அரியலூருக்கு வாக்கப்பட்டுப் போன உன் மகளிடம் உன் பழைய சைக்கிள் இருக்கிறது. அதிலிருந்த கேரியரைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஆயுத பூசைக்கு முதல்நாள், பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அவன் புதிதாக நான்கு துளை போட்டு மாட்டினான். வண்டி இப்போது பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு தலையில் கூடை சுமப்பவன் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரேக் கதைக்கு வருகிறேன். பூசை அன்று நான் பொரிகடலை வாங்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் உன் மகள் வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நீ வருசா வருசம் உன் சைக்கிளுக்கு வைப்பாயே, கையில் அள்ளி அப்புகிற பொட்டு, அதே கை அவளுக்கும். வண்டியிலேயே பளபளவென்று, வட்டமாக, பொட்டு வைக்கத் தோதான இடம் எது? சக்கரத்தின் நடுவே இருக்கும் அந்தத் தட்டு. அதில் சுற்றிச் சுற்றிச் சந்தனம், மேலே குங்குமம், போதாததற்குப் பளபளப்பு வர விளக்கெண்ணெயும் தொட்டிருந்தாள். அந்தத் தட்டைப் பிடித்துத்தான் இந்த வண்டிக்குப் பிரேக் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, அப்படியே நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. எதிரே இருந்த பூக்கடைத் தட்டியில் போய்த்தான் நின்றேன். பூக்காரம்மா, "பழம் நசுங்கிச்சு, திருஷ்டி போச்சு, இனி ஒண்ணும் ஆவாது" என்று என்னைத் தூக்கிவிட்டார்.

சிரித்து முடித்து, தட்டைத் துடைத்துக்கொண்டே உன் மகள் சொன்னாள்: "பெரியம்மா, அன்னைக்கு மட்டும் அம்மா டயர் பஞ்சர் ஆவாம இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் மலை ஏறியிருப்பீங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் நீ ஊருக்குச் சொன்ன பொய்யடி அது. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற குட்டியானை வேனில் நம் லேடீஸ் சைக்கிள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு பச்சைமலை அடிவாரத்தில் இறங்கினோம். சைக்கிளில் உச்சிக்குப் போகிறோம் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தது நான்தான். மேலே போய்த்தான் பிரிக்கணும் என்று புளியோதரை டப்பாவை உன் கேரியரில் கட்டியிருந்தாய். இரண்டாவது வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கி, முட்டி பிடித்துக்கொண்டது. நீ இன்னும் பத்து வளைவுகூட ஏறியிருப்பாய். "நீ போ, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றேன். நீ டப்பாவை அவிழ்த்தாய். "மலை எங்கயும் போவாது. புளியோதரதான் ஊசிப்போவும், சாப்புடு" என்றாய். திரும்பி வந்ததும் கேட்டவர்களுக்கெல்லாம், "என் டயரு பஞ்சரு, என்ன பண்ண" என்று நீயே பழியை வாங்கிக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. உன் மகள் கேட்டபோதும் திறக்கவில்லை. "ம்" என்றேன். அந்த "ம்" எனக்கு அன்று சோறு இறங்கவிடவில்லை.

மெக்கானிக் தம்பி முன்பக்கத்துப் பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றினான். பின்பக்கத்துக்குப் புதுசு வர நாளாகும் என்று, இருப்பதையே கழற்றித் தேய்த்து, தட்டையும் கழுவி மாட்டி, இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தான். "நல்லாப் பிடிக்குதுக்கா. ஆனா கத்தும், மணக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினேன். அடிவாரம் வரைக்கும் இந்த முறையும் குட்டியானைதான், பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான். உன் கேரியரில் புளியோதரை டப்பா. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நாம் உட்கார்ந்த பாறை அப்படியே கிடந்தது. நிற்கவில்லை, நின்றால் அங்கேயே இருந்துவிடுவேன் என்று பயம். பட்டனை இரண்டு தரம் அமுக்கினேன். முதுகில் கை விழுந்தது. மிதித்தேன். மூச்சு வாங்கியது, முட்டி முனகியது, ஆனால் கால் நிற்கவில்லை. ஒரு வளைவில் காட்டெலுமிச்சை வாசம், இன்னொரு வளைவில் ஏதோ குருவி. கடைசி ஏற்றத்தில் நான் வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன், மேலே ஒரு மரவள்ளிக் கொல்லையில் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "வாங்கக்கா, வாங்க" என்று கையாட்டினாள். ஏறிவிட்டேனடி. ஏறியேவிட்டேன்.

கீழே பெரம்பலூர் ஒரு கையகலம் தெரிந்தது. டப்பாவைப் பிரிக்கவில்லை. முதலில் போனை எடுத்து உன் மகளைக் கூப்பிட்டேன்.

"உங்கம்மா டயர் அன்னைக்குப் பஞ்சர் ஆவலடி. எனக்குத்தான் முடியல. அவ எனக்காகத் திரும்பிட்டா. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "பெரியம்மா, அன்னைக்கே அப்பா அந்த டியூபைக் கழட்டி வாளித் தண்ணியில முக்கி முக்கிப் பாத்தாரு. ஒரு காத்து முட்டைகூட வரல. அம்மாவைக் கேட்டா, ஓட்ட தானா அடைச்சுக்கிச்சுன்னாங்க. எங்களுக்குத் தெரியாதா? நீங்களா எப்பத்தான் சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்குச் சீண்டிப் பாத்தேன்."

"அவளுக்கு வருத்தமே இல்லியா? உச்சிக்குப் போவலியேன்னு?"

"நானும் கேட்டேன். 'ரெண்டாவது வளைவுல உக்காந்து சாப்புட்டோம் பாரு, அதுக்கு மேல ஒரு உச்சி இருக்கா என்ன'ன்னாங்க."

போனை வைத்துவிட்டேன். அங்கே அதற்குமேல் எனக்கு வேலை இல்லை. வண்டியைத் திருப்பினேன். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே வந்தேன், மலை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டு, உன் மகள் அப்பிய சந்தனம் மணக்க மணக்க. இரண்டாவது வளைவில் நிறுத்தி, பாறையில் உட்கார்ந்து, அங்கேதான் டப்பாவைப் பிரித்தேன். கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்குக் கட்டியிருந்தேன். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, ஏறி இறங்கியவளுக்குப் பசிக்காதா?

பின்பக்கத்துக்குப் புதுக் கட்டை வந்துவிட்டது, எப்போது மாட்டலாம் என்று தம்பி தினமும் கேட்கிறான். இது தேயட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.